சமோவாவுக்குப் பிறகு வாசித்துக் காட்டிய தாள்

2007 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. டோர்ட்மண்டிலிருந்து காலை 6.48க்கு ரயில். பேர்லின் வரை ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீற்றர். சலுகை அட்டையோடு 39 யூரோ. நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவள். நேரம் பிழைத்த பயணக் கட்டுரையை நான் நம்புவதில்லை.

போனது இரண்டு அலுவல்களுக்கு. அகதி விசாரணைகளில் தமிழுக்கும் ஜேர்மனுக்கும் இடையில் மொழிபெயர்ப்பது என் தொழில். ஜேர்மனி சமோவாத் தீவுகளோடு செய்த பழைய உடன்படிக்கைகளைப் பற்றி எங்கள் சங்க ஏட்டுக்கு எழுதக் கேட்டிருந்தார்கள். மற்ற அலுவல் அந்தோனி அண்ணை.

மன்னார்க்காரர். பேர்லினில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். ஏழு வருடத்துக்கு முன், நான் அங்கே குடியிருந்த காலத்தில், அவருடைய விசாரணைக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். இராணுவம் தன்னை இரண்டு தடவை பிடித்ததாகச் சொன்னார். பதிவில் ஒரு தடவைதான் ஏறியது. முடிவில் பதிவு முழுவதையும் தமிழில் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் ஒப்பம். மாலை ஐந்தரை மணி, எல்லோருக்கும் களைப்பு. நான் சுருக்கிச் சொன்னேன். அவர் "ஓம்" என்று ஒப்பம் வைத்தார். நானும் வைத்தேன். பிறகு அவர் இரண்டாவது கைதைச் சொன்னபோது, அது பிற்பாடு சோடித்த கதை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

நடந்ததை நான் எழுதித் தந்தால் வழக்கை மறுபடி திறக்கப் பார்க்கலாம் என்கிறார் அவரது வழக்கறிஞர். எழுதிக் கொடுத்தால் அதற்குப் பிறகு என்னை எந்த விசாரணைக்குக் கூப்பிடுவார்கள்? வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியும் வயலும்தான்.

10.14க்கு பேர்லின். பதினொரு மணிக்கு ஆவணக் காப்பகத்தில் முன்பதிவு. வாசிப்பறைப் பெண்மணி, கையைக் கழுவச் சொல்லிவிட்டுக் கோப்புகளைக் கொண்டுவந்தார். 1879இல் ஒரு நட்புறவு உடன்படிக்கை. சலுவாஃபாட்டா துறைமுகத்தில் ஜேர்மன் கப்பல்கள் நிலக்கரி வைத்துக்கொள்ளலாம். 1889இல் ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா மூன்றும் இதே பேர்லினில் கூடி, சமோவாவுக்கு யார் அரசன், எப்படி நீதிமன்றம், காணி யாருக்கு என்று பேசி முடித்தன. மேசையில் ஒரு சமோவாக்காரர்கூட இல்லை.

"அவர்கள் சம்மதிக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"சம்மதித்தார்கள். தாளை அனுப்பிப் பிறகு ஒப்பம் வாங்கினார்கள்."

"யார் வாசித்துக் காட்டியது? முழுதாகவா?"

அவர் தோளைக் குலுக்கினார். "அது இந்தக் கோப்பில் இல்லை."

பத்து வருடத்தில் தீவுகளைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பில் இல்லாத அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

பிற்பகல் 3.20, அந்தோனி அண்ணையின் அறை. ஐந்து மணிக்கு அவருக்கு வேலை.

"வாங்கோ தங்கச்சி. சாப்பிட்டனீங்களோ?" என்றார். வழக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"அண்ணை, நான் எழுதித் தாறன்."

"உங்கட வேலைக்கு ஒண்டும் வராதோ?"

"வரும்போலதான் கிடக்கு."

தேநீர் ஆறும்வரை ஜேர்மனில் ஒரு பக்கம் எழுதினேன். பிறகு வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். 'மாலை ஐந்தரை மணி, எல்லோரும் களைத்திருந்தபடியால்' என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"நில்லுங்கோ. அஞ்சரை இல்லை, நாலு மணி. சுவர் மணிக்கூடு எனக்கு முன்னாலதான் இருந்தது. எனக்குக் களைப்பில்லை தங்கச்சி. உங்களுக்குத்தான் அவசரம்."

"அண்டைக்கே என்னை மறிச்சிருக்கலாமே அண்ணை?"

"நீங்கள் எங்க நிண்டனீங்கள், மறிக்கிறதுக்கு?"

அந்த வரியை வெட்டினேன். நாலு மணி என்றும் அவசரம் எனக்கு என்றும் எழுதி, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் "ஓம்" என்றார். ஒப்பம் வைத்தேன்.

5.50 ரயிலில் திரும்பினேன். மேலே ஐந்தரை என்று எழுதியிருப்பதை இங்கே நான் திருத்தவில்லை. ஏழு வருடமாக என் மணிக்கூட்டில் அது ஐந்தரையாகத்தான் இருந்தது.