மூன்றாம் வரிசைச் சிரிப்பு

கம்பளையில் ஒரு கல்யாண மண்டபம். மூன்றாம் வரிசையின் நடுக் கதிரையில் நான். மேடையில் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அப்பா கலஹா பஸ்ஸில் பலாப்பழத்தோடு ஏறிய கதையைச் சொல்லி ஓரிடத்தில் நிறுத்துகிறார். நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். அடுத்த நொடி மண்டபமே சிரிக்கிறது. முதல் சிரிப்பு என்னுடையது என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. "நம்ம சனம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கும். யாராச்சும் தொடங்கி வச்சா போதும்" என்பார். ஆனால் வராத சிரிப்பைச் சிரிக்கக் கூடாது. நான் சிரிக்காத கதையை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுவார். ஒன்பது வருடம் அப்படித்தான் ஓடியது.

பிறகு சினிமா வாய்ப்பு வந்தது. கண்டியில் போன் கடை வேலையை விட்டுவிட்டுப் போனார். கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முதல் நாள் படப்பிடிப்பு. துணைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தார். மேடைப் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்து நின்றார். அங்கே யார் சிரிப்பது? "என்ன தம்பி, வசனம் மறந்து போச்சா?" என்று டைரக்டர் கத்தினார். நாலாவது தடவை அண்ணன் நிற்காமல், அழகாகப் பேசிக்கொண்டு போனார். நான்தான் கெடுத்தேன். பழக்க தோஷம், சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் சிரிப்பும் பதிவாகி அந்தக் காட்சி வீணானது. என்னை வேனுக்குள் உட்காரச் சொன்னார்கள். அடுத்த தடவையே சரியாக வந்துவிட்டது. "நீ வெளிய போனதும்தான் சரியாச்சு தங்கச்சி" என்று சந்தோஷமாக ஓடி வந்து சொன்னார். அவர் மனதில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

இப்போது அண்ணன் கொழும்பில் இருக்கிறார். ஐந்து படம் முடித்துவிட்டார். ஐந்திலும் யாராவது அவரைக் கன்னத்தில் அறைகிறார்கள், அவர் விழுகிறார். கேமராவுக்கு முன்னால் நடிப்பவருக்குச் சனம் சிரிப்பது காதில் விழாதே. அதனால் படம் வந்த அன்றே நான் கண்டித் தியேட்டருக்குப் போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும். முந்தின நாளிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், மாத்திரையைத் தவறாக எடுத்துக் கொடுத்துவிடுவேனோ என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் வாசிப்பேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் போன் எடுத்தார். "அடுத்த படத்துக்கும் கூப்பிடுறாங்க. அதுலயும் அடி வாங்குற ஆள்தான். இன்னைக்குச் சனம் சிரிச்சா கையெழுத்துப் போடுறேன். இல்லாட்டி மேடைக்கே திரும்பி வந்துடுறேன்."

பகல் காட்சி. பாதித் தியேட்டர்தான் நிறைந்திருந்தது. திரையில் முதலாளி அறைந்தார், அண்ணன் சேற்றில் விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தொடங்கி வைத்தால் நாலு பேராவது சேர்ந்துகொள்வார்கள் என்று வாயைத் திறந்தேன். அண்ணனுக்கு அப்படியே அப்பாவின் முகச்சாடை. சேற்றோடு அந்த முகம் நிமிர்ந்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

படம் முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வந்த பஸ்ஸில் ஏறவும் மனமில்லை. மேடையை விட்டு இத்தனை வருடமாகிவிட்ட மனுஷன் திரும்பி வந்து என்ன செய்வார்? இப்படி நினைத்துக்கொண்டு அங்கேயும் இங்கேயும் நடக்கும்போதே போன் அடித்தது.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கண்ணே. நல்லா சிரிச்சாங்க."

"நான் பின்னுக்குத்தான் இருந்தேன் தங்கச்சி. தொப்பி போட்டுக்கிட்டு, கடைசி வரிசையில. சனத்த நான் பாக்கல. ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."