எங்கள் தெருவில் அப்பாவின் பெயர்

இத்தாலியில் எப்போதோ வாழ்ந்த அரசியல் அறிஞர் ஒருவரின் குடும்பப் பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டிவிட்டால், ஆங்கிலக் கட்டுரைகளில் அதற்குச் 'சூழ்ச்சிக்காரத்தனமான' என்று பொருள். சென்னையில் அரசியல் ஆய்வு செய்கிற நானும் அந்தச் சொல்லைக் கட்டுரைக்குக் கட்டுரை தாளித்துக் கொட்டுகிறேன். அவருடைய மகள் எப்படி வெளியே தலைகாட்டியிருப்பாள் என்ற நினைப்பும் கூடவே வந்து தொலைக்கிறது. திருத்தணியில் எங்கள் தெருவில் என் அப்பாவின் பெயரும் அப்படி ஒரு சொல்தான். அதை இங்கே எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை.

அப்பா ஆட்டோ ஓட்டினார். எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒரு நாள் காலையில் என்னைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றவர், வழியில் எதிர்வீட்டு அக்காவையும் ஓர் இளைஞனையும் ஏற்றிக்கொண்டார். அவன் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, வேறு சாதி. எனக்கு அதெல்லாம் தெரியாது. அக்காவின் மடியில் உட்கார்ந்து போவதே போதுமானதாக இருந்தது. ரயில் நிலையத்தில் அப்பாவே பையைத் தூக்கிப்போய் அவர்களைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார்.

பள்ளி வாசலில் நான் இறங்கவும், அக்காவின் அண்ணன்கள் இருவரும் பைக்கில் வந்து மறித்தார்கள். பின்னால் இருந்த பெரிய அண்ணனின் கக்கத்தில் நீளமாக ஏதோ துண்டு சுற்றி இருந்தது. அவர்களுக்குக் கரும்புத் தோட்டம் உண்டு. கேட்டால் ஒரு கணு ஒடித்துத் தருவாரா என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணா, எங்க தங்கச்சியப் பாத்தியா?”

“ஆங், பாத்தேம்பா. பஸ் ஸ்டாண்டாண்ட திருப்பதி பஸ்ஸுல ஏறிகினு இருந்துச்சு. கூட ஒரு பையன்” என்றார் அப்பா.

கண்ணைக்கூட இமைக்கவில்லை. ஒரு பென்சிலுக்காகப் பொய் சொன்னேன் என்று முந்தின வாரம்தான் என்னை விளாசியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கை என் தோளை அழுத்தியது.

ஓடிப்போகிறவர்கள் நேரே ஏழுமலையானிடம் போய்த் தாலி கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் நடப்பதுதான். ஆகவே நம்பிவிட்டார்கள். திருமலை முழுக்கத் தேடி அலுத்த பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று சின்னவர் மொட்டை போட்டுக்கொண்டு லட்டோடு திரும்பினார். அதற்குள் ரயில் நிலையத்தில் பூ விற்கிற அம்மா உண்மையைப் போட்டு உடைத்திருந்தார். பெரியவர் எங்கள் வாசலிலேயே அப்பாவைச் செருப்பால் அடித்தார். அப்பா கையைக்கூடத் தூக்கவில்லை. தெருவே நின்று பார்த்தது.

அந்த மொட்டைத் தலையைத் தெரு லேசில் விடவில்லை. தப்பாக வழி சொன்னாலும், கடைக்காரர் நாளைக்கு வா என்று இழுத்தடித்தாலும், கண்ணாமூச்சியில் ஒருவன் ஏமாற்றினாலும், எல்லாவற்றுக்கும் அப்பாவின் பெயர்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாவிட்டால் என்ன, இனிஷியல் இருக்கிறதே! வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டாலே பின் பெஞ்சு சிரிக்கும். எனக்கு அவமானமாக இருந்தது. அடிபட்டதற்காகக்கூட இல்லை, இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறவரின் மகளாகப் பிறந்ததற்காக.

“ஏன் நைனா பொய் சொன்ன?” என்று ஒரு நாள் அழுதுகொண்டே கேட்டேன்.

“பேசிகினு போறாங்க, வுடு. பேருதான, தேஞ்சா பூடும்?” என்று சொல்லி ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். பிறகு பள்ளிக்கு ஒரு தெரு முன்னாலேயே என்னை இறக்கிவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் இறக்கிவிட்டார்.

போன மாதம் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் விடுதிக்கு வந்திருந்தாள். பெண் அவளைப் போலவே இருக்கிறாள், வாய் ஓயவில்லை. பேச்சோடு பேச்சாக அக்கா கேட்டாள்:

“அன்னிக்கி அண்ணனுங்க தேடிகினு வந்தப்ப நீயும் இருந்தியாமே. வெறுங்கையோடவா வந்தாங்க?”

கரும்பு வைத்திருந்தார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. கரும்பை யாராவது துண்டு சுற்றி மறைத்து எடுத்து வருவார்களா? அது கரும்பு வெட்டுகிற கத்தி. அப்பா பார்த்திருக்கிறார். ரயில் அரக்கோணத்தைக்கூடத் தாண்டியிருக்காத அந்த நேரத்தில், அவர் கைக்கு அடியில், எனக்கு ஒரு கணுவாவது கிடைக்காதா என்று நான் ஏங்கிக்கொண்டு நின்றிருந்தேன்.