திருச்சியா, சென்னையா?

மலேசியாவில், அலோர் காஜாவில் விமான டிக்கெட் கடை வைத்திருந்தவர் எங்கள் சர்ச்சுக்காரர். கறுத்த, வழுவழுப்பான முகம். எதைச் சொன்னாலும் நெஞ்சில் கை வைத்துத்தான் சொல்வார். முழங்கால் வலிக்கார மாமியாரோடு குடும்பமாக வேளாங்கண்ணி போக எங்கே இறங்கலாம் என்று கேட்டேன்.

"சென்னைல எறங்குங்கண்ணே. அங்கேருந்து பக்கந்தான் லா."

வரைபடம் பார்க்கத் தெரிந்த நான் அந்தக் கையைப் பார்த்து நம்பினேன். அவரிடம் சென்னை டிக்கெட்டுகள் விற்காமல் தேங்கிக் கிடந்தது பிறகுதான் தெரிந்தது.

பகல் முழுக்க வேனில் குலுங்கி, மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கினால், மாதா கோயில் வாசலில் அந்த டிக்கெட் கடைக்காரரே குடும்பத்தோடு நிற்கிறார், பவுடர் கலையாமல்.

"நீங்க எங்க தம்பி எறங்கினீங்க?"

"திருச்சிண்ணே. எங்கம்மாவுக்கு முட்டி வலி, தூரம் தாங்க மாட்டாங்க."

அவர் முகத்தில் கூச்சமே இல்லை. வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான்தான். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.