பூக்கட்டி எடுத்த இஞ்சின்

இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நான் பெண்களுக்குக் கார் ஓடப் பழக்குகிறவள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதிகம் கதைக்கமாட்டேன். பழக்கும்போதுகூட "கிளச், பிறேக்" என்பதற்கு மேல் வாய் திறப்பது அருமை. கணவருக்கு நீர்வேலியில் கராஜ். பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் வெறும் கூட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து, ஆயிரத்து முந்நூறு சீசி இஞ்சினைப் பூட்டி, அதைப் போட்டிக் காராக்கினார். தெற்கில் நடக்கும் கார் ஓட்டப் போட்டியின் பெண்கள் பிரிவுக்கு என் பெயரைக் கொடுத்தார். வல்லை வெளியின் காய்ந்த தரையில் வாழைக்குற்றிகளை நட்டு வளைவுகள் செய்து பழகினேன். சின்ன இஞ்சின்தான். ஆனால் ஸ்ரியறிங்கைத் தொட்டால் கார் திரும்பும். ஒரு குற்றியையும் உரசாமல் சுற்றி வருவேன். அந்தக் காருக்குள் இருக்கும்போது மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்போதுதான் ஜேர்மனியிலிருந்து என் அண்ணை வந்தார். கொழும்பில் இறங்கியதும் மூவாயிரம் சீசி, ஆறு சிலிண்டர் இஞ்சின் ஒன்றை வாங்கி லொறியில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். எங்களுக்குப் பரிசாம். கராஜில் எங்கள் இஞ்சினைப் பார்த்துச் சிரித்தார்.

"உது இஞ்சினோ மச்சான்? தையல் மெசின்."

கூடு சின்னது, முன்னுக்கு அவ்வளவு பாரத்தை ஏற்றினால் வளைவில் முன்சில்லு தரையைப் பிடிக்காது என்றார் கணவர். வேகக் கட்டுப்பாடில்லாத பெரிய வீதிகளில் ஓடிப் பழகிய அண்ணையோ, மிதித்த உடனே இழுக்கிற இஞ்சின்தான் வெல்லும், சின்னதை அலறவிட்டு ஓடினால் ஒருநாள் வெடிக்கும் என்றார். மாலை மாலையாக இதே கதை. நான் தேத்தண்ணி கொடுத்தேன், கோப்பைகளை எடுத்தேன். காரை ஓடப்போகிறவள் பக்கத்தில் நிற்கிறாளே என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடல் கடந்து வந்த மச்சானின் பரிசை வேண்டாம் என்று சொல்லக் கணவருக்கு வாய் வரவில்லை. பிள்ளையாரிடம் விட்டுவிடுவோம் என்றார். கலியாணப் பேச்சுக்குச் செய்வதுபோலப் பூக்கட்டிப் பார்ப்பது. சிவப்புப் பூ பெரிய இஞ்சின், வெள்ளைப் பூ சின்ன இஞ்சின். வாழையிலையில் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் வைத்தார்கள். கும்பிட வந்திருந்த ஒரு அம்மாவிடம் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார்கள்.

"கலியாண விசயமோ தம்பி?" என்று அவர் கேட்டார்.

இஞ்சின் என்று சொல்ல வெட்கப்பட்டுக் கணவர் "ஓம்" என்றார். சிவப்புப் பூ வந்தது. நல்ல சோடி என்று அந்த அம்மா வாழ்த்திவிட்டுப் போனார். எனக்கு அங்கேயே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

பெரிய இஞ்சினைப் பூட்டி, வல்லைக்குக் கொண்டுபோனோம். நேர்ப்பாதையில் கார் பறந்தது உண்மை. அண்ணை கைதட்டினார். வளைவு வந்ததும் பிறேக்கை அழுத்தி, ஸ்ரியறிங்கை ஒடித்தேன். சில்லு திரும்பியது, கார் திரும்பவில்லை. குற்றிகளை முறித்துக்கொண்டு நேரே போய் வெளியோரத்து உப்புச் சேற்றில் புதைந்தது. திறந்த கார். வாழைச்சாறு முகமெல்லாம், சட்டையெல்லாம் தெறித்தது. ஓடிவந்த அண்ணை முதலில் காரின் பொனற்றைத் தடவிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"பயந்திட்டாய் தங்கச்சி. பெரிய இஞ்சினை அதட்டி ஓடவேணும்."

இப்படித்தான் நடக்கும் என்று முதலே தெரிந்திருந்த கணவர் வாய் திறப்பார் என்று பார்த்தேன். திறந்தார்.

"வேறை கோயிலிலை இன்னொருக்கால் பூக்கட்டிப் பாப்பமோ மச்சான்?"

குற்றிகளுக்குப் பதிலாக அங்கே ஒரு மதில் இருந்திருந்தால் என்னை எந்த இலையில் பொட்டலம் கட்டியிருப்பார்கள்? சீட் பெல்ட்டைக் கழற்றி எறிந்தேன்.

"பிள்ளையாரோ ஓடப்போறார்? நான்தானே உதுக்குள்ளை இருக்கப்போறன். ஆராவது என்னைக் கேட்டனீங்களோ?"

அதற்குப் பிறகுதான் அண்ணை, எனக்கு எந்த இஞ்சின் வேண்டும் என்று கேட்டார்.

"சின்னன்."

"உதை முந்தியே சொல்லியிருக்கலாமே," என்றார்.

பதில் சொல்லியிருந்தால் நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. ஸ்ரியறிங்குக்குக் கீழே தொங்கிய திறப்பைப் பிடுங்கிக்கொண்டு றோட்டுக்கு நடந்தேன். சேற்றிலிருந்து காரை இழுக்க அவர்கள் உழவு மெசினுக்குக் காத்திருக்க, நான் அதே சட்டையோடு பஸ்ஸில் வீடு வந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

சின்ன இஞ்சின் மறுபடி ஏறி, பொனற் மூடப்பட்ட பிறகுதான் திறப்பைக் கொடுத்தேன். வாழைக்கயர்க் கறை சட்டையை விட்டுப் போகவில்லை. அன்று மாலை அண்ணை ஜேர்மனிக்குப் போனில் கதைத்தது அடுப்படிவரை கேட்டது. "தங்கச்சியின்ரை விருப்பத்துக்கு விட்டிட்டம்," என்றார்.

விட்டார்களாம்.