ஆளில்லாத குற்றாலம்

குற்றாலம் மெயின் அருவியை ஆளில்லாமல் படம் எடுக்கவே முடியாது. சாரல் மாதங்களில் விடியற்காலையில் போனாலும் சரி, மத்தியானம் போனாலும் சரி, தண்ணீருக்கும் கேமராவுக்கும் நடுவில் எண்ணெய் தேய்த்த முதுகுகள் வரிசையாக நிற்கும். கேமரா வாங்கிய புதிதில் அந்த முதுகுகள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அருவியின் அழகை எடுக்கலாம் என்று போனால் ஈரத்துண்டும் டவுசரும் சோப்பு நுரையும்தான் படத்தில் விழும். போட்டோ எடிட்டிங் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது கலை ஆர்வத்தால் அல்ல. அந்த முதுகுகளை ஒழித்துக்கட்டத்தான் படித்தேன்.

தென்காசியில் எனக்கும் அண்ணனுக்கும் சேர்ந்து ஒரு கடை இருந்தது. பைப், மோட்டார், குழாய்ச் சாமான்கள். அண்ணன் கல்லாவில் இருப்பான், நான் சரக்கு எடுத்துக் கொடுப்பேன். வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் கடையில் இருந்த பழைய லேப்டாப்பில் யூடியூபைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இந்தியில் பேசினார்கள். அவர்கள் பேசுவது புரியாவிட்டால் என்ன, திரையில் அம்பு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

புதிதாகப் படிக்கிற எல்லோரும் செய்கிற கூத்தை நானும் செய்தேன். நிறம், வெளிச்சம் என்று எந்த அளவை இழுத்தாலும் கடைசி வரை இழுத்தேன். மலை நீலம் முக்கிய வேட்டி மாதிரி ஆனது, வயல் கிளிப்பச்சை ஆனது. பண்பொழி மலைக்கோயில் படிகளில் வெயில் விழுகிற படம் ஒன்றை இப்படி இழுத்து முடித்து, பெருமையாக அண்ணனிடம் காட்டினேன். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான்.

"ஏலே, இது நம்ம ஊரு மலையா? எவனோ பெயிண்டு டப்பாவ கவுத்துட்டாம்லா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அடுத்த நாள் அவன் சொன்னது சரிதான் என்று பட்டது. எல்லாவற்றையும் பாதிக்குக் குறைத்தேன்.

அதன் பிறகுதான் ஆளை அழிக்கிற வித்தை கைக்கு வந்தது. ஓர் ஆளின் மேல் தடவினால், பக்கத்துப் பாறையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஆள் நின்ற இடத்தை எடிட்டிங் சாஃப்ட்வேரே நிரப்பிவிடும். ஒழுங்காக நிரப்பாது. ஒரே பாறை இரண்டு இடத்தில் வரும், தண்ணீர் அந்தரத்தில் நிற்கும். அதையெல்லாம் கையால் சரிசெய்ய வேண்டும். அந்தச் சாரல் காலம் முழுக்க ஒரே படத்தோடு மல்லுக்கட்டி ஒவ்வொரு ஆளாக எடுத்தேன். கடைசியில் மெயின் அருவி ஆளரவமே இல்லாமல் விழுந்தது. சொந்தமாக ஒரு காரியம் செய்து முடித்த சந்தோஷம் எனக்கு அன்றைக்குத்தான் முதலில் வந்தது.

அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"ஆளில்லாத குத்தாலத்த எவம்லே பாத்திருக்கான்? வெள்ளம் வந்து போலீஸ்காரன் குளிக்க விடாத அன்னைக்குத்தான் இப்படி இருக்கும். பாக்கவே பயமா இருக்கு."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. இது ஆர்ட்டு."

"குளிக்க ஒருத்தனும் இல்லாம தண்ணி மட்டும் விழுந்தா அதுல என்னலே ஆர்ட்டு இருக்கு?"

அந்த வருடம் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஐஸ் பெட்டி முந்தியா, ஃப்ளெக்ஸ் முந்தியா என்று போட்டிதான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது தெருமுக்கில் கண்ணீர் அஞ்சலி நிற்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளுக்குக் கேவலம். அந்த டிரைவரின் மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஆள அழிப்பீங்களாமே. எங்கப்பாவ மட்டும் விட்டுட்டு மத்தவங்கள அழிச்சுத் தாங்க."

எல்லோர் வீட்டிலும் போன் நிறையப் படம் இருக்கிறது. தனியாக நிற்கிற படம்தான் இருப்பதில்லை. கல்யாண வீட்டில் எடுத்த ஒரு படத்தில் அந்தப் பெரியவர் கூட்டத்தோடு நின்றார். பக்கத்தில் நின்றவர்களை வெட்டுவது பெரிய வேலை இல்லை. கஷ்டம் எல்லாம் கையில்தான். நம் ஆட்கள் படத்துக்கு நின்றால் பக்கத்து ஆளின் தோளில் கை போடாமல் நிற்க மாட்டார்கள். ஆளை வெட்டி எறிந்த பிறகும் கை மட்டும் தோளிலேயே இருக்கும், விரலும் மோதிரமுமாக. இன்னொரு தோளில் இருந்து துணியை எடுத்து, இடம் வலம் திருப்பி, கை இருந்த இடத்தில் போட்டு ஒட்ட வேண்டும். வெள்ளைச் சட்டை என்றால் சுலபம். கட்டம் போட்ட சட்டை என்றால் உயிர் போய்விடும். ஒவ்வொரு கோடும் பக்கத்துக் கோட்டோடு போய்ச் சேர வேண்டும். இதை அண்ணனிடம் சொல்லிப் புலம்பியபோது, "அப்ப சாகப்போறவன் வெள்ளச் சட்ட போட்டுட்டுத்தான் போட்டோவுக்கு நிக்கணும்னு சொல்லுதே" என்று சிரித்தான். அவன் கட்டம் போட்ட சட்டை தவிர வேறு சட்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் ஆளில்லாத குற்றாலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேகத்தையும் குத்துவிளக்கையும் போட்டுப் போட்டு அவருக்கு அலுத்துவிட்டதாம். பின்னணிக்கு இதைப் போட்டால் அம்சமாக இருக்கும் என்றார். என் படம் பெரிதாக அச்சாகப் போகிறது என்ற ஆசையில் நானும் கொடுத்துவிட்டேன். கொஞ்ச நாளில் தென்காசியில் செத்தவர்கள் எல்லாம் என் அருவிக்கு முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்படி ஒரு ஃப்ளெக்ஸைக் கடந்து போகும்போது, பைக்கில் என் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் என் முதுகில் தட்டினான்.

"கடைசில ஒன் குத்தாலத்துக்கு ஆளு வந்துட்டுலா. ஒவ்வொருத்தரா வாராவ பாரு."

நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

ஒரு பக்கம் பெயர் பரவ, இன்னொரு பக்கம் ஜனங்கள் என்னைக் கண்டு விலக ஆரம்பித்தார்கள். பண்பொழியில் கோயில் திருவிழாவில் கேமராவைத் தூக்கினேன், ஒரு அம்மா வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "அந்த அண்ணாச்சி எடுத்தா வேண்டாம், வாங்க" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. சிவகிரிப் பக்கம் இருந்து ஒரு குடும்பத்தார், பெரியவர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கும்போதே, படத்தைக் கொடுத்துத் தயார் பண்ணி வைக்கச் சொன்னார்கள். நானும் பண்ணிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் பிழைத்து வீட்டுக்கு வந்து, மகனின் போனில் தன் கண்ணீர் அஞ்சலியைத் தானே பார்த்துவிட்டார். அவர் தோட்டத்துக்கு எங்கள் கடையில்தான் பைப் வாங்குவார். அதோடு அதுவும் நின்றது. "செத்தவனுக்குப் போடு, உசுரோட இருக்கவனுக்குப் போட்டு யாவாரத்தக் கெடுக்காத" என்று அண்ணன் வைதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில், கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணனின் கண் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தது. படங்களில் வெள்ளை மஞ்சளடிப்பதைத் திருத்தித் திருத்திப் பழகிய கண் என்னுடையது. வெளிச்சம்தான் மஞ்சள் என்று முதலில் அண்ணாந்து பார்த்தேன். மேலே வெள்ளை டியூப் லைட்தான் எரிந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். ஈரலில் கட்டி, முற்றிய நிலை என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் வாயைத் திறந்தான்.

"ஏலே, எல்லாம் செய்யி. கேமராவ மட்டும் இங்கன கொண்டு வராத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு என் ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடினேன். அருவி இருந்தது, காற்றாலை இருந்தது, செங்கோட்டை வயலில் கொக்கு இருந்தது. அண்ணன் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒரே ஒரு படம் வேண்டும். ஃப்ளெக்ஸுக்கு இல்லை, ஊருக்கு இல்லை, எனக்கு. அவன் போன பிறகு அவன் முகம் மறந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று பைத்தியக்காரத்தனமாக ஆசைப்பட்டேன். ஆனால் நான் கேமராவை எடுத்தால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? அவன் பிழைக்க மாட்டான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன் என்றல்லவா ஆகும்? கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டியதை அவனிடமும் சொன்னேன். "நல்லது" என்றான்.

மறுபடி சாரல் வந்தது. குற்றாலம் போக வேண்டும் என்று கேட்டான். குளிக்கக்கூடாது, பார்க்க மட்டும் என்று சொல்லி அண்ணன் மனைவி, என் மதினி, என்னோடு அனுப்பி வைத்தாள். ஒரு கடைக்காரரிடம் நாற்காலி வாங்கிப் போட்டு, மெயின் அருவி தெரிகிற மாதிரி அவனை உட்கார வைத்தேன். கூட்டமான கூட்டம். பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் யாரோ ஒரு குண்டு ஆளின் முதுகில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தான். மலை மேல் மேகம் இறங்கி வெளிச்சம் நிழலே இல்லாமல் விழுந்தது. முகத்தை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மெலிந்துபோன கன்னத்தைக்கூட அது மெதுவாகத்தான் காட்டியது. பழைய அண்ணன் முழுசாக அங்கே உட்கார்ந்திருந்தான்.

என் கை தன்னாலே பாக்கெட்டில் இருந்த போனுக்குப் போனது.

அவன் பார்த்துவிட்டான். சிரிப்பு நின்றுபோனது. அவன் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் வந்தது பயம். அண்ணன் பயந்து நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் நாய் துரத்தினால்கூட என்னை முன்னால் ஓடவிட்டுப் பின்னால் வருகிறவன் அவன். நான் போனை விட்டுவிட்டு, அதே பாக்கெட்டில் இருந்த கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னலே?"

"சாரல்."

"ம்."

திரும்பி அருவியைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு திரும்ப வரவில்லை. கூட்டத்தைக் காட்டிக் கேட்டான்.

"இத்தன ஆளையும் எப்படிலே அழிச்ச?"

"ஒவ்வொருத்தரா."

"பாவம்லா அவனுவ. குளிக்கத்தான வந்தானுவ."

சாரல் ஓய்வதற்குள் அண்ணன் போய்விட்டான். காலையில், கடை திறக்கிற நேரம். ஐஸ் பெட்டிக்கு ஒருவர் ஓடினார், பந்தலுக்கு ஒருவர் ஓடினார். ஃப்ளெக்ஸ் பேச்சு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆதார் கார்டில் இருந்த படத்தில் அவன் பிடிபட்ட திருடன் மாதிரி இருந்தான். அது வேண்டாம் என்றேன். அண்ணன் மகள் அழுது வீங்கிய முகத்தோடு தன் போனை நீட்டினாள்.

"சித்தப்பா, இதப் போடுங்க. இதுலதான் அப்பா அப்பா மாதிரி இருக்காங்க."

கடையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிய அன்று அவள் எடுத்த படம். கட்டம் போட்ட சட்டையில் அண்ணன் பல் தெரியச் சிரிக்கிறான். பக்கத்தில் நான். என் கை அவன் தோளில் கிடக்கிறது.

மாடியில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். கீழே ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் என்னை வெட்டி எடுத்தேன், அது உடனே முடிந்தது. என் கை மட்டும் அவன் தோளில் இருந்தது, என் வாட்சோடு. அந்தத் தோளின் சூடு என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாமான் தூக்கித் தூக்கி அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இருந்துவிட்டுப் போகட்டும், யார் கேட்பார்கள்?

படம் தயாராகிவிட்டதா என்று பார்க்க மதினி படியேறி வந்தாள். திரையைப் பார்த்தாள். அந்த நிலையிலும் அவளுக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"தம்பி, அந்தக் கைய எடுத்திருங்க. செத்தவங்க மேல இருக்கவங்க கை இருக்கக் கூடாது. ஒங்களுக்கு ஆகாது."

நான் லேப்டாப்பை மூடப் போனேன்.

"ஒங்களையும் பறிகுடுக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இடது தோளின் துணியை எடுத்து, திருப்பி, கையின் மேல் போட்டேன். கட்டம் சேரவில்லை. ஒவ்வொரு கோடாக இழுத்து அடுத்த கோட்டோடு சேர்த்தேன். விரல் போனது, வாட்ச் போனது. கண் மறைத்தபோதெல்லாம் துடைத்துவிட்டுச் செய்தேன். அவ்வளவு சுத்தமாக நான் எந்தப் படத்தையும் செய்ததில்லை.

மத்தியானம் தெருமுக்கில் ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். பின்னணிக்கு என்ன போட வேண்டும் என்று கடைக்காரர் என்னிடம் கேட்கவே இல்லை. ஆளில்லாத குற்றாலத்தின் முன்னால் அண்ணன் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கிட்டே போய் அந்தத் தோளைப் பார்த்தேன். எல்லாக் கோடும் சேர்ந்திருந்தது. அங்கே ஒரு கை இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.