ஏஞ்சலினின் இடப்பக்கம்

“என்னாடி, இன்னைக்காவது ஒழுங்கா பால் குடுப்பியா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஏஞ்சலின் ரப்பர் மரத்தில் கத்தி வைப்பாள். பட்டை சுருண்டு விழும். பால் இறங்கிச் சிரட்டையில் முதல் சொட்டு விழும்வரை நின்று பார்ப்பாள். “அப்புடி வா வழிக்கு!” நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடமாக இதுதான் அவளுடைய காலைப் பேச்சு.

மூன்று வருடங்களுக்கு முன் புற்றுநோயால் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ரவிக்கைக்குள் அந்தப் பக்கம் பழைய சேலைத் துணியை மடித்து வைத்துக்கொள்கிறாள். “ஒரு பக்கம் பாரம் கொறைஞ்சிருச்சு, மலை ஏற லேசா இருக்கு” என்பாள். சிரிக்கலாமா கூடாதா என்று மற்றவர்கள் முழிப்பதைப் பார்த்து அவள்தான் முதலில் சிரிப்பாள்.

மகள் றமீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளாகிறது. தோட்டம் முழுக்க ஒரே புராணம்: “மூக்கப் பாரு, அப்புடியே என் மூக்கு!” ஆனால் பேத்தியை வலது தோளில் மட்டுந்தான் போடுவாள். கேட்டால், “இடது கையில பாரம் தூக்கக் கூடாதுன்னு டொக்டரம்மா சொல்லியிருக்காங்க.” உண்மை வேறு. மூக்கு வந்தமாதிரி அந்த நோயும் வந்திருக்குமோ என்ற பயம். இடப்பக்கம் சாய்த்தால், வராமல் இருப்பதும் வழி கண்டுபிடித்து வந்துவிடும் என்ற நினைப்பு.

போன வாரம் இரத்தினபுரி கிளினிக்கில் றமீலா இந்த வலது தோள் விஷயத்தைப் போட்டுடைத்துவிட்டாள்.

“வாளி தூக்க வேணாம்னுதானே சொன்னேன்? பேத்தியையுமா சொன்னேன்?” என்றார் டொக்டர் நஸ்லின்.

ஏஞ்சலின் முந்தானையைத் திருகினாள். “என் நோவு புள்ளைக்குப் போயிருமா, டொக்டரம்மா?”

“சில குடும்பத்துல ஜீன்லயே பிழை இருந்து பரம்பரையா வரும். உங்க ரத்தத்த சோதிச்சோமே, அந்தப் பிழை இல்ல. கட்டி வளராம காவல் காக்கிற ஜீன் உங்களுக்கும் நல்லாத்தான் இருந்திச்சு. மார்புல இருந்த செல்லுல மட்டும், காலம் போகப் போக, அதுக்கு மேல ஒரு அடையாளம் விழுந்திட்டுது. ஜீன் அப்படியே இருக்கு. வேலைதான் செய்யல்ல.”

ஏஞ்சலின் நிமிர்ந்தாள். “அட, வெள்ளைக் கோடு!”

பால் வற்றிய மரத்துக்குத் தோட்டத்தில் வெள்ளைக் கோடு போடுவார்கள். கோடு கண்டால் கத்தி வைக்கக்கூடாது. “போன வருசம் புதுக் கங்காணி நல்ல மரத்துக்கெல்லாம் கோட்டப் போட்டுட்டாரு. மரத்துல ஒரு கொறையும் இல்ல. ஆனா எவளும் கிட்டப் போகல, பால் பூரா உள்ளுக்குள்ளயே நின்னுருச்சு!” கொஞ்சம் யோசித்தாள். “அந்த மரத்து வெதை மொளைச்சா, கன்னு கோட்டோடயா வரும்?”

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “வராதும்மா. உங்களுதும் அப்படித்தான். தொட்டாலும் ஒட்டாது. ஆனா றமீலா, அம்மாவுக்கு வந்ததால எதுக்கும் நீங்க தவறாம வந்து காட்டிக்கணும்.”

“வராட்டி இழுத்துக்கிட்டு வாறேன்” என்றாள் ஏஞ்சலின்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கும் கோட்டுக் கதையைச் சிங்களத்தில் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

லயத்து வீட்டில் கால் கழுவியதும் பேத்தி அழுதது. றமீலா பழக்கத்தில் வலது தோளுக்கே நீட்டினாள்.

“பொறுடி.”

ஏஞ்சலின் ரவிக்கைக்குள்ளிருந்த துணி மடிப்பை உருவிக் கொடியில் எறிந்தாள். பிறகு பேத்தியை வாங்கி, கன்னம் நன்றாகப் படும்படி இடப்பக்கம் சாய்த்துக்கொண்டாள்.