மாமாவின் லாரியில் பானை ஸ்பீக்கர்

எங்கள் மாமாவின் மினி லாரியில் கேட்ட 'தும் தும்' அந்த நாளில் திண்டுக்கல் பக்கம் வேறு எந்த வண்டியிலும் கேட்டதில்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். சந்தேகப்படுகிறவர்கள் அகரத்தில் போய் விசாரிக்கலாம். அந்தத் தெருக்காரர்கள் அதை அவ்வளவு சுலபத்தில் மறந்திருக்க மாட்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி ஊர் ஊராக இறக்குவார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது அவருக்கு அகரத்தில் பெண் நிச்சயமானது. நிச்சயத்தன்று பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனார். மாமாவோ அந்தத் தலை வகிட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தே சொக்கிப்போனார். எனக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது. அன்றைக்கே 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, பெண்ணோடு பேசக் கூடாது என்பது எங்கள் பெரியவர்கள் வைத்த சட்டம். மாமா அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். பெண் வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது. ரோட்டில் ஒரு லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் அதை யார் தடுக்க முடியும்?

அளவு ரவிக்கை வாங்கி வர அம்மா என்னைப் பெண் வீட்டுக்கு அனுப்பினார். மாமா என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டு, வண்டி வரும்போது சத்தம் உள்ளே எப்படிக் கேட்கிறது என்று கவனித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கவனித்தேன். மாமாவின் லாரி கொசு மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டு போனது. சாய்வு நாற்காலியில் இருந்த பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள வண்டியா? நான் குச்சி ஐஸுக்காரன் போறான்னுல்ல நெனச்சேன்" என்றார். வீடே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை நான் ஒரு சொல் குறையாமல் மாமாவிடம் ஒப்பித்தேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே பேகம்பூரில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பாயிடம் போனோம். 'தும் தும்' என்று இடிக்கிற பேஸ் வேண்டுமென்றால் பெரிய ஆம்ப்ளிஃபையர் போட வேண்டும் என்றார் பாய். கல்யாணச் செலவே கழுத்தை நெரிக்கிற நேரம் அது. மாமா சிரித்து மழுப்பிவிட்டு, சீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

முதலில் தக்காளிப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். சந்தைப் பெட்டியில் பலகைக்குப் பலகை இடைவெளி இருக்கும். உள்ளே பிறந்த சத்தம் அந்த வழியாகவே வெளியேறிப் போயிற்று. மைதாப் பசை காய்ச்சி, பழைய பேப்பர் ஒட்டி அடைத்தோம். பேஸ் வரவில்லை, எறும்பு வந்தது. பிறகு டீக்கடைக்காரர்கள் செய்வதுபோல இரண்டு மண்பானை வாங்கி, பிரிமணை மேல் உட்கார வைத்து, பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினார். உள்ளே திணிக்க இலவம்பஞ்சு வேண்டும் என்றார். என் தலையணையைக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்து அத்தை வந்ததும் புதுத் தலையணை வாங்கித் தருவதாக ஒப்பந்தம். இவ்வளவு செய்தும், கொசுவாக இருந்த சத்தம் வண்டாக மாறியதே தவிர அதற்குமேல் ஏறவில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள், தைத்த ரவிக்கையைக் கொடுக்க மறுபடி அகரம் போனேன். லாரி வந்தது, போனது. இம்முறை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை என்னைக் கொல்லைப்புறம் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். என் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"உங்க மாமாகிட்ட மட்டும் சொல்லணும். சத்தம் பத்தல. சனிக்கெழம சாயங்காலம் எங்க வீட்டு முன்னால ரோட்டுல நிப்பாட்டிப் போடச் சொல்லு. வீட்ல இருக்கவுக அம்புட்டுப் பேரும் வாசலுக்கு வரணும். அப்படிப் போடச் சொல்லு."

அவர் கண் கலங்கியிருந்தது. கேட்டதற்கு மிளகாய் இடித்ததாகச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணே வாயைத் திறந்து கேட்டுவிட்டதே. தெருமுனையில் காத்திருந்த மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் குதிப்பார் என்று பார்த்தால், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, அவ வாசலுக்கு வாரேன்னு சொன்னாளா?"

"அதச் சொல்லல மாமா. மத்தவுகதான் வரணுமாம்."

"சிரிச்சுக்கிட்டா சொன்னா?"

"இல்ல. கண்ணுல மொளகா."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் பாட்டே போடவில்லை. ஆனால் அன்று முதல் அவருக்குப் பேஸ் பைத்தியம் முற்றிவிட்டது. லோடு இல்லாத நேரமெல்லாம் வாசலில் லாரியை நிறுத்திக்கொண்டு பானையை மாற்றுவதும் பஞ்சைக் குறைப்பதுமாக இருந்தார். விளையாட்டாகச் செய்து வந்த காரியத்தை இப்போது முகத்தை இறுக்கிக்கொண்டு செய்தார். காதல் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நான் முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பரீட்சைப் பேப்பரும் சிவப்புப் பேனாவுமாகச் சண்டைக்கு வந்தவர், இரண்டு பானைகளுக்கும் நடுவில் காதை வைத்துக் கேட்டார். சண்டை மறந்துபோயிற்று. டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி வரச் சொல்லி, ஸ்பீக்கர் ஒயரில் தொட்டுக் காட்டினார். ஒரு ஸ்பீக்கரின் காகிதம் வெளியே எம்பியது. மற்றதில் அதே மாதிரி தொட்டால் உள்ளே அமுங்கியது.

"மாப்ள, ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்குது. காத்து எப்படி அசையும்? ஒரு பக்கத்து ஒயர மட்டும் மாத்திக் குடு" என்றார்.

மாற்றிக் கொடுத்தோம். மாமா பாட்டைப் போட்டார். அடுக்களையில் தட்டுகள் அலமாரியோடு சேர்ந்து ஆடின. வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். மேற்கொண்டு காலணாச் செலவில்லாமல் வந்த பேஸ் அது. அப்பா, தான் சத்தத்தை ஒழிக்க வந்தவர் என்பதையே மறந்து, வாசலில் நின்று தாளம் போட்டார்.

சனிக்கிழமை மாமா நிச்சயத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். என்னையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார். அகரத்தில் பெண் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்தார். யாராவது கேட்டால் இன்ஜின் கோளாறு என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. பிறகு பாட்டைப் போட்டார்.

ஜன்னல் கதவுகள் படபடத்தன. தெரு நாய்கள் ஓடிப்போய்த் தூரத்தில் நின்று குரைத்தன. பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன்மார், மதினிமார், அக்கம்பக்கத்தார் என்று வாசல் நிறைந்துவிட்டது. "யாத்தே, நெஞ்சுக்குள்ள இடிக்குதே" என்றாள் ஒரு மதினி. பானையைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் கூடியது. பெண்ணின் அப்பா மீசைக்குள் சிரித்தபடி, "மாப்ள பெரிய ஆளுதான்" என்று ஒப்புக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல், பக்கக் கண்ணாடியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேசட்டின் ஒரு பக்கம் முடிந்து பாட்டு நின்றது. கூட்டம் கலையத் தொடங்கியது. ஒரு மதினி உள்ளே போகத் திரும்பினாள்.

"ஏத்தா, கேசட்டத் திருப்பிப் போடு" என்றார் மாமா. கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

திருப்பிப் போட்டேன். மறுபடியும் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் திண்டுக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. அது கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆனபின், ஒரு நல்ல பாட்டின் நடுவில், மாமா தாமாகவே அணைத்துவிட்டார். பானட்டை மூடினார். நாங்கள் வந்துவிட்டோம்.

அன்றிரவு அகரத்திலிருந்து ஆள் வந்தது. எல்லாரும் வாசலில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பெண் கொல்லை வழியாகப் போய்விட்டது. தையல் வகுப்புக்குப் போன இடத்தில் பழகிய ஒருவரோடு கல்யாணமும் ஆகிவிட்டதாகப் பின்னால் தெரிந்தது. மூன்றாவது ஓலையை யாரும் வாசிக்கவில்லை. பெண்ணின் அப்பா வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "விடுங்க, நல்லா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மாமா. பானைகளைக் கழற்றி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டார்.

பாட்டுப் போட்டுப் பெண்ணைத் தொலைத்தவன் என்று உறவுக்காரர்கள் வருடக்கணக்காக மாமாவைக் கேலி செய்தார்கள். அவர் வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அது ஓயவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம்தான். முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் அந்த மதினி உள்ளே போயிருப்பாள், பெண் இல்லாதது தெரிந்திருக்கும், பிடித்திருக்கலாம். வீம்புக்குத் திருப்பிப் போடச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண வீட்டில் அந்த அம்மாளைப் பார்த்தேன். 'அத்தை' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவரே என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"உங்க மாமாகிட்ட நான் சத்தம் மட்டுந்தான் போடச் சொல்லிக் கேட்டேன். அது கேக்குற வரைக்கும் வீட்ல எல்லாரும் வாசல்ல இருக்காகன்னு அர்த்தம். அடுத்த ஸ்டாப்புல கருவ மரத்துக்குப் பின்னால நிக்கிறேன். பாட்டு வார்த்தை எதுவும் அம்புட்டுத் தூரம் வரல, அந்த இடி மட்டுந்தான் வருது. பஸ்ஸக் காணோம். இடியும் நின்னு போச்சு. அம்புட்டுத்தான், பிடிச்சிருவாகன்னு ஒக்காந்துட்டேன். அப்புறம் மறுபடியும் கேட்டுச்சு."

அவர் என் கையை விடாமலே கேட்டார். "அவருக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அந்தத் தெருமுனை நினைவுக்கு வந்தது. அவ வாசலுக்கு வாரேன்னு சொன்னாளா என்று மாமா கேட்டதும், இல்லை என்று நான் சந்தோஷமாகச் சொன்னதும். நிச்சயச் சட்டையோடு அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பஸ்ஸைத்தான். அவர் திருப்பிப் போடச் சொன்னபோது, அடுத்த பாட்டு இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கேசட்டை என் பாவாடையில் ஒருமுறை துடைத்துப் போட்டேன்.